அக்காவின் புஸ்தகத்துக்கு ஒரு பேட்டரி

பெரம்பலூர்ல அந்தக் கடைக்குள்ள நான் சண்டை போடணும்னு போகலை. சண்டை தானா வந்துச்சு. எனக்கு எங்க போனாலும் அப்படித்தான்.

நான் கேட்டது ஒரு பெரிய யூ.பி.எஸ்., கரண்ட் போனாலும் கம்ப்யூட்டரை அணைய விடாமத் தாங்குற பேட்டரிப் பெட்டி. கடைக்காரர் என் வயசுதான் இருப்பார், நாப்பதை நெருங்குற ஆளு. தலை நிமிராம, ஏதோ ஒரு போர்டுல ஈயம் வெச்சுக்கிட்டே கேட்டார், "கரண்ட் போனா உங்க வூட்டு ஃபேன் முனகுதாம்மா?"

எனக்குச் சுர்ருன்னு ஏறிச்சு. ஜெயங்கொண்டத்துலேர்ந்து பஸ் ஏறி, அரியலூர்ல மாறி, பாதி வழி நின்னுக்கிட்டே வந்திருக்கேன். யூ.பி.எஸ். கேட்டா ஃபேனைப் பத்தி விசாரிக்கிறாரு.

"ஃபேனுக்கு இல்லீங்க பாய். சர்வருக்கு."

"தெரியுதும்மா. ஃபேன் முனகுதா, முனகலையா?"

முனகும். இன்வெர்ட்டர்ல ஓடும்போது எங்க வூட்டு ஃபேன் ஒரு மாதிரி 'ங்ங்'னு இழுத்துக்கிட்டே சுத்தும். அதைச் சொல்றதுக்கே எனக்கு ரோஷமா இருந்துச்சு. "ஆமா"ன்னேன்.

இந்த இடத்துல எங்க அக்காவைப் பத்திச் சொல்லணும். சொல்லாட்டி ஒரு யூ.பி.எஸ்.ஸுக்கு ஏன் இந்தக் கூத்துன்னு உங்களுக்குத் தோணும்.

அக்கா என்னைவிட மூணு வயசு பெரியவ. டவுன்ல ஒரு தனியார் பள்ளிக்கூடத்துல டீச்சரா இருந்தா. கல்யாணம் பண்ணிக்கலை, ஏன்னு கேக்குறவங்களுக்கு அவளே நல்லா பதில் குடுத்துக்குவா. அவளுக்குக் கண்ணு கொஞ்சம் கொஞ்சமா மங்க ஆரம்பிச்சுது. முதல்ல கரும்பலகையோட ஓரம் தெரியலைன்னு சொன்னா. அப்புறம் நோட்டு திருத்த முடியலை. டாக்டர்கள் பாத்தாங்க, இது திரும்பாதுன்னாங்க. இப்ப அவளுக்கு வெளிச்சம் தெரியும், ஆளு நிக்கிறது நிழலாட்டம் தெரியும், எழுத்து தெரியாது. வேலையை விட்டுட்டு வூட்டுக்கு வந்தா. ஒரு மாசம் யாரோடயும் பேசலை. ஒரு நாள் காப்பி குடிச்சுக்கிட்டே, "கவர்மெண்ட் பரீட்சை எழுதப் போறேன். எனக்கு வயசு வரம்பு இன்னும் ஒரே ஒரு தடவைக்குத்தான் இருக்கு. நீ படிச்சுக் காட்டு"ன்னா.

நான் சென்னையில இருக்குற ஒரு கம்பெனிக்கு வூட்டுலேர்ந்தே வேலை பாக்குறேன். மத்தவங்க கம்ப்யூட்டர் மக்கர் பண்ணா இங்கேர்ந்தே சரி பண்ணிக் குடுக்குற வேலை. அதனால தினமும் உக்காந்து அவளுக்குப் படிச்சுக் காட்ட முடியாது. கிடைச்ச நேரத்துல பாடத்தைப் படிச்சு ரெக்கார்ட் பண்ணி, கம்பெனி கழிச்சு விட்ட ஒரு பழைய கம்ப்யூட்டர்ல போட்டு வெச்சேன். அது எப்பவும் ஓடிக்கிட்டே இருக்கும். அக்கா தன் போன்லேர்ந்து எந்தப் பாடம் வேணுமோ அதை எடுத்துக் கேட்டுக்குவா. அவ போன் பழசு, எல்லாத்தையும் அதுல ஏத்த இடம் கிடையாது. இதுதான் எங்க சர்வர். பேரு பெருசு, ஆளு அரிசி டிரம்முக்குப் பக்கத்துல ஒரு முக்காலி மேல உக்காந்திருக்கும்.

இருநூறு பாடத்துக்கு மேல படிச்சேன். அம்மா சமைக்கிற சத்தம், தெருவுல மீன்காரர் குரல், என் கத்தல் எல்லாம் அதுல இருக்கும். என் கத்தல்தான் அதிகம். பாதிப் பாடத்துல யாராவது கதவைத் தட்டினா, "எந்த நேரத்துல வராங்க பாரு"ன்னு ஒரு திட்டு. நிறுத்தி மறுபடி படிக்கிற பொறுமை எனக்கேது? அப்படியே விட்டுட்டுப் போயிடுவேன்.

மாசத்துக்கு ஒரு நாள் எங்க பக்கம் பராமரிப்புன்னு காலையிலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் கரண்ட் இருக்காது. வூட்டுல இன்வெர்ட்டர் இருக்கே, போதும்னு இருந்தேன். ஊர் முழுக்க அப்படித்தான் நெனக்கிறாங்க. ஆனா கரண்ட் போயி இன்வெர்ட்டர் புடிக்கிறதுக்குள்ள கண்ணு மூடித் திறக்குற நேரம் ஒண்ணு இருக்கு. ஃபேனுக்கு அது தெரியாது, கம்ப்யூட்டர் அதுக்குள்ள செத்துப் பொழைக்கும். அப்படி ஒரு நாள் சாயங்காலம் கரண்ட் வர்றதும் போறதுமா அஞ்சாறு தடவை கண்ணாமூச்சி ஆடிச்சு. ஒவ்வொரு தடவையும் அது அணைஞ்சு அணைஞ்சு எழுந்துச்சு. கடைசியில பாத்தா பதினோரு பாடம் காணோம். பேரு இருக்கு, உள்ள ஒண்ணும் இல்லை.

வேற எங்கயும் காப்பி எடுத்து வைக்கலையான்னு கேக்காதீங்க. ஊருக்கெல்லாம் காப்பி எடுத்து வைங்கன்னு சொல்றதுக்குத்தான் எனக்குச் சம்பளமே. என் வூட்டுல எடுக்கலை. அவ்வளவுதான்.

அக்கா திட்டலை. "திரும்பப் படி"ன்னா. படிச்சேன். தொண்டை கட்டிப் போச்சு. இந்தத் தடவை பயந்து பயந்து, ஒரு சத்தம் இல்லாம, அழகா படிச்சேன். அதைக் கேட்டுட்டு அவ உதட்டைப் பிதுக்கினா.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா நிக்க மாட்டேங்குது."

"என்ன நிக்க மாட்டேங்குது?"

"பாடம். முன்னாடி படிச்சதுல நீ இடையில இடையில திட்டுவ. எந்தத் திட்டு எந்தப் பாடத்துல வரும்னு எனக்குத் தெரியும். அதைப் புடிச்சுக்கிட்டே போனா பாடம் வந்துடும். இதுல புடிச்சுக்கிறதுக்கு ஒண்ணும் இல்லடி."

புஸ்தகத்துல நாம பக்கத்தோட மூலையை மடிச்சு வைக்கிறோம்ல, அவளுக்கு என் கோபம் அப்படி ஆகியிருக்கு. எனக்குச் சிரிக்கிறதா அழுவுறதான்னு தெரியலை. ஆனா ஒண்ணு புரிஞ்சுது. மிச்சம் இருக்குற பாடமும் போச்சுன்னா, நான் தலைகீழா நின்னு படிச்சாலும் அதே பாடம் திரும்ப வராது. பரீட்சைக்கு ரெண்டு மாசம்கூட இல்லை. அதான் அடுத்த லீவுலயே பெரம்பலூருக்குப் பஸ் ஏறினேன். ஒரு நாள் பூரா ஓடுற மாதிரி, வெளியில பெரிய பேட்டரி வெச்ச யூ.பி.எஸ்.ஸா வாங்கிடணும்னு முடிவு பண்ணிக்கிட்டுதான் போனேன்.

பாய் ஈயத்தைக் கீழ வெச்சுட்டு இப்பத்தான் நிமிர்ந்தார்.

"ஃபேன் முனகுதுன்னா உங்க இன்வெர்ட்டர் குடுக்குற கரண்ட் கரடுமுரடா இருக்குன்னு அர்த்தம். ஃபேன் பொறுத்துக்கிட்டு ஓடும். யூ.பி.எஸ். பொறுத்துக்காது. கரண்டே இல்லைன்னு நெனச்சுக்கிட்டு தன் பேட்டரியைத் தின்ன ஆரம்பிச்சுடும். சரி, உங்களுக்கு எவ்ளோ நேரம் ஓடணும்?"

"காலையிலேர்ந்து சாயங்காலம் வரைக்கும்."

"எதுக்கு?"

அக்கா கதையைச் சொன்னேன்.

"ஒரு நாளைக்கு எத்தனை பாடம் கேப்பாங்க?"

"நாலு. மிஞ்சிப் போனா அஞ்சு."

"கரண்ட் இருக்காதுன்னு முதநாளே பேப்பர்ல வந்துடுதுல்ல? அந்த அஞ்சு பாடத்தை மட்டும் போன்ல ஏத்திக் குடுத்துடுங்க. அப்புறம் சர்வர் எதுக்கும்மா ஓடணும்?"

அவர் சொன்னது சரிதான். அடுத்தவங்க சொல்றது சரியா இருந்தா எனக்குக் கோபம்தான் வரும். "உங்களுக்கு வியாபாரம் வேணாமா பாய்? பெருசு கேக்குறேன், பெருசைக் குடுத்துட்டுப் போங்களேன்!"

"வேணும்மா. ஆனா நாளைக்கு நீங்க வந்து என்னைத் திட்டக்கூடாது பாருங்க. நல்லாத் திட்டுவீங்க போல இருக்கு." சிரிக்காமச் சொன்னார். "உங்க மிஷினுக்கு வேண்டியது ஓடுற நேரம் இல்லை. ஒழுங்கா அணையிற நேரம். அதுக்குச் சின்னதே போதும். அல்லா புண்ணியத்துல இருபது நிமிஷம் தாங்கும்."

சின்னதா ஒண்ணை எடுத்து வெச்சார். பெட்டியைப் பிரிச்சு, உள்ளேர்ந்து சுருட்டிக் கட்டின ஒரு கறுப்பு வயரை எடுத்துக் காட்டினார். "இதுதான் முக்கியம். கரண்ட் போயிடுச்சுன்னு கம்ப்யூட்டருக்குச் சொல்றது இதுதான். எல்லாரும் இதைப் பெட்டியிலயே விட்டுட்டு, பெட்டியைப் பரண்ல போட்டுடுறாங்க. நீங்க மாட்டிடுங்க. மாட்டிட்டு ஒரு தடவை பிளக்கைப் புடுங்கிப் பாத்துடுங்க."

"நானும் இதே வேலைதான் பாக்குறேன் பாய். எனக்கே சொல்றீங்களா?"

"சந்தோஷம்மா"ன்னார்.

வூட்டுக்கு வந்து யூ.பி.எஸ்.ஸை மாட்டினேன். வயரை மாட்டலை. களைப்பு பாதி, அந்த ஆளு சொன்னதைச் செய்யணுமான்னு ஒரு வீம்பு பாதி. அம்மா அதைப் பாத்துட்டு, "இத்தனூண்டு டப்பாவுக்கா பெரம்பலூர் வரைக்கும் போன?"ன்னு கேட்டு எரியுறதுல எண்ணெய் ஊத்தினா.

அக்காவுக்குப் புதுசா எந்தச் சாமான் வந்தாலும் கையால தடவிப் பாத்தாகணும். பெட்டியை மடியில வெச்சுக்கிட்டு உள்ள கையை விட்டா.

"ஏய், இதுல ஒரு வயர் இருக்கு. கட்டுகூடப் பிரிக்கலை."

"அது அப்புறம்."

"அப்புறம்னா?"

"அப்புறம்னா அப்புறம்தான். ஏன் உசுரை வாங்குற?"

அவ வயரைக் கையில சுத்திக்கிட்டு அங்கயே உக்காந்துட்டா. எழுந்திரிக்கவே இல்லை. நான் சாப்பிட்டுட்டு வந்தேன், ஆபீஸ் போன்ல அரை மணி நேரம் கத்திட்டு வந்தேன், அவ அப்படியே உக்காந்திருக்கா. வேற வழியில்லாம மாட்டினேன். கரண்ட் போயி அஞ்சு நிமிஷம் ஆச்சுன்னா, எல்லாத்தையும் பத்திரமா மூடிட்டு அணைஞ்சுடணும்னு கம்ப்யூட்டருக்குச் சொல்லி வெச்சேன். ஆனா பிளக்கைப் புடுங்கிப் பாக்க மட்டும் எனக்குத் தைரியம் வரலை. ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆயிட்டா? கரண்ட் தானா போகட்டும், அப்பப் பாத்துக்கலாம்னு விட்டுட்டேன். அந்த வாரம் பாத்து ஒரு தடவைகூடப் போகலை. போகக்கூடாதுன்னு நாம வேண்டிக்கிற நாள்லதான் போகும்.

இதுக்கு நடுவுல ஆயுத பூஜை வந்துச்சு. பொரி, கடலை, பூ, வாழைக்கன்னு வாங்க நான் கடைத்தெருவுக்குப் போயிட்டேன். கூட்டம்னா கூட்டம். ரெண்டு மணி நேரம் கழிச்சு ரெண்டு கையிலயும் பையோட வந்து பாத்தா, கூடத்துல சரஸ்வதி படத்துக்கு முன்னாடி எல்லாம் வரிசையா இருக்கு. அரிவாமனை, தையல் மிஷின், தோப்புக்கு எடுத்துட்டுப் போற துரட்டி, என் ஆபீஸ் லேப்டாப். அதுக்குப் பக்கத்துல, நடுநாயகமா, சர்வர். அது தலையில யூ.பி.எஸ். ரெண்டுக்கும் சந்தனம், குங்குமம், மேல ஒரு முழம் கதம்பம்.

பையைக் கீழ போட்டேன். பொரி கூடம் முழுக்கச் சிதறிச்சு.

"யாரு இதைத் தூக்கினது?"

"நான்தான்"னா அம்மா, சாவகாசமா. "பூஜைக்கு வைக்க வேணாமா?"

"அடிப்பாவி அம்மா! ஓடிக்கிட்டு இருந்ததும்மா அது! அப்படியே புடுங்கிட்டியா?"

"கத்தாத. செவுத்துலேர்ந்து பிளக்கைத்தான் புடுங்கினேன். அது பாட்டுக்குக் கீ கீன்னு அழுவ ஆரம்பிச்சுடுச்சு. அழுவுற புள்ளையத் தூக்கலாம், அழுவுற மிஷினை எப்படித் தூக்குறது? பக்கத்துலயே உக்காந்திருந்தேன். செத்த நேரத்துல தானா அடங்கிப் போச்சு. அப்புறம்தான் ஒவ்வொரு வயரா எடுத்துட்டுத் தூக்குனேன்."

தானா அடங்கிச்சுன்னா, ஒழுங்கா மூடிட்டு அணைஞ்சிருக்கணும். இல்லாட்டி பேட்டரி சுத்தமாத் தீந்து செத்திருக்கணும். செத்த நேரம்னா அம்மா கணக்குல அஞ்சு நிமிஷமும் இருக்கலாம், அரை மணி நேரமும் இருக்கலாம். போட்டுப் பாத்தாத்தான் தெரியும். நான் தூக்கப் போனேன். அம்மா குறுக்க வந்து நின்னா.

"தொடாத. பூஜையில வெச்சதை நாளைக்குக் காலையிலதான் எடுக்கணும்."

"அக்காவோட பாடம் பூரா அதுலதான் இருக்கும்மா! போயிருந்தா என்ன பண்ணுவ? உனக்குச் சாமி பெருசா, அவ பெருசா?"

இன்னும் என்னென்னமோ பேசினேன். அதையெல்லாம் இங்க எழுத எனக்கே கூசுது. அம்மா எல்லாத்தையும் கேட்டுக்கிட்டு நின்னா. அப்புறம் முந்தானையால முகத்தைத் துடைச்சுக்கிட்டு, குரலைத் தாழ்த்திக்கிட்டுச் சொன்னா.

"தெருவுல எல்லாப் புள்ளைங்களும் புஸ்தகத்தைப் பூஜையில வைக்குது. ரெண்டு வருஷமா இவ ஒண்ணும் வைக்கலை. போன வருஷம் எல்லாரும் வைக்கும்போது, வெறுங்கையோட அந்தத் தூண்கிட்ட நின்னா. நீ பாக்கலை, நான் பாத்தேன். இப்ப இவளுக்குப் புஸ்தகம் இதுதானடி? அதை நான் வைக்க வேணாமா?"

சர்வரைத் தூக்க நீட்டின கையை இழுத்துக்கிட்டேன். ஜென்மத்துல முதல் தடவையா இருக்கும்.

அக்கா தலைக்குக் குளிச்சுட்டு, ஈரத் துண்டோட பின்கட்டு வாசல்ல நின்னுக்கிட்டிருந்தா. எல்லாத்தையும் கேட்டிருக்கா. மெதுவா வந்தா, காலுக்கடியில பொரி நொறுங்க நொறுங்க. குனிஞ்சு கையால தடவினா. அரிவாமனையைத் தாண்டி, துரட்டியைத் தாண்டி, சர்வர் மேல கை போச்சு. பூவைத் தொட்டா. விரல்ல சந்தனம் ஒட்டினதை மோந்து பாத்தா.

"இருக்கட்டும்டி"ன்னா. "நாளைக்கு எடுத்துக்கலாம். பூஜையில இருக்கும்போது புஸ்தகத்தைத் தொடக்கூடாது."

அவளோட பரீட்சை அது. அவளே சொன்னதுக்கு அப்புறம் நான் என்ன பேச? குத்த வெச்சு உக்காந்து பொரியைப் பொறுக்கினேன்.

விஜயதசமி காலையில அம்மா சூடம் காட்டி, விபூதி பூசி விட்டதும், முதல் வேலையா சர்வரைத் தூக்கி முக்காலி மேல வெச்சு வயரையெல்லாம் மாட்டினேன். பொத்தானை அமுக்கினேன். எழுந்துச்சு. முதநாள் எப்படி அணைஞ்சுதுன்னு அதுவே எழுதி வெச்சிருக்கும், தேடிப் படிச்சேன். கரண்ட் போச்சு, அஞ்சு நிமிஷம் பொறுத்தேன், எல்லாத்தையும் மூடினேன், அணைஞ்சேன். ஒரு பாடம் குறையலை. அந்தக் கறுப்பு வயர் இல்லாட்டி அது பேட்டரி தீர்ற வரைக்கும் ஓடி, பொத்துன்னு விழுந்திருக்கும். அந்த வயரை மாட்டினது நான்னு சொல்லிக்கலாம். மாட்ட வெச்சது ரெண்டு பேரு.

புஸ்தகம் வெச்சவங்க, பூஜையிலேர்ந்து எடுத்ததும் ரெண்டு வரியாவது படிக்கணும். அம்மா அக்காவைப் பாத்து, "படி"ன்னா. அக்கா போன்ல ஒரு பாடத்தைத் தட்டினா. என் குரல் வந்துச்சு. ஊராட்சி நிர்வாகம், கிராம சபைன்னு நிதானமாப் படிச்சுக்கிட்டே வந்து, திடீர்னு, "அம்மா! பால் பொங்குதும்மா! அடுப்பை அணை! காது கேக்கலையா? அய்யோ, போச்சு, எல்லாம் போச்சு!" அப்புறம் மூச்சு வாங்கிக்கிட்டு மறுபடி கிராம சபை.

அம்மா சிரிச்சா. அக்கா சிரிச்சா. எனக்குக் கண்ணு நெறஞ்சு போச்சு. அன்னிக்கே ஒரு காப்பி எடுத்து லேப்டாப்புல போட்டேன், அடுத்த நாள் இன்னொரு காப்பி. இப்ப மூணு இடத்துல இருக்கு.

ரெண்டு வாரம் கழிச்சு ஒரு பொட்டலம் முந்திரியோட பெரம்பலூருக்குப் போனேன். பாய்கிட்ட மன்னிப்புக் கேக்கணும்னு வழியெல்லாம் மனசுக்குள்ள சொல்லிப் பாத்துக்கிட்டே போனேன். எனக்கு அது பழக்கமில்லை. அவர் என்னைப் பாத்ததும் கேட்ட ஒரே கேள்வி, "வயரை மாட்டினீங்களாம்மா?"

"மாட்டினேன் பாய். நீங்க சொன்னது ரொம்பச் சரி."

"அல்ஹம்துலில்லா"ன்னு சொல்லிட்டு, முந்திரியை வாங்கி மேசை மேல வெச்சுட்டு மறுபடி ஈயத்தைக் கையில எடுத்துக்கிட்டார். திரும்பி வர்ற பஸ்ல எனக்கு மனசு அவ்வளவு லேசா இருந்துச்சு.

பரீட்சை அரியலூர்ல. அக்கா பதிலைச் சொல்லச் சொல்ல, குறிக்கிறதுக்குன்னு ஒரு பொண்ணை உக்கார வெச்சாங்க. நான் வெளியில வேப்பமரத்தடியில நகத்தைக் கடிச்சுக்கிட்டு நின்னேன். முடிஞ்சு வந்தப்போ அக்கா முகம் பூரா சிரிப்பு.

"பால் பொங்கிடுச்சுடி!"

"என்ன?"

"கிராம சபை வந்துச்சு. அந்தப் பொண்ணு கேள்வியைப் படிக்கிறா, எனக்கு 'அடுப்பை அணை'ன்னு உன் குரல் கேக்குது. உடனே பதில் வந்துடுச்சு. நான் சிரிக்கிறதைப் பாத்துட்டு அந்தப் பொண்ணு, என்னாச்சுக்கான்னு பயந்துட்டா."

நடுரோட்டுல அவளைக் கட்டிப் புடிச்சுக்கிட்டேன். சின்ன வயசுலேர்ந்து, வாயை அடக்கு வாயை அடக்குன்னு சொல்லாத ஆளு இல்லை. அந்த வாய் ஒருத்திக்கு உதவிச்சு.

வேலை கிடைச்சுது. இப்ப ஆண்டிமடம் பக்கம் ஒரு ஆபீஸுக்குத் தினமும் பஸ்ல போயிட்டு வரா. அவ மேசை மேல இருக்குற கம்ப்யூட்டர் எழுத்தையெல்லாம் வாசிச்சுச் சொல்லிடுது. என் ரெக்கார்டு அவளுக்கு இனிமே தேவையில்லை. இந்த வருஷம் ஆயுத பூஜைக்கு முன்னாடி, "சர்வர் சும்மாதானே ஓடுது, அதைக் கழட்டி வெச்சுடட்டுமா? பூஜைக்கு ஒரு நல்ல புது நோட்டு வாங்கித் தரேன், அதை வை"ன்னு கேட்டேன். அவளுக்குக் கோபம் வந்து நான் அன்னிக்குத்தான் பாத்தேன்.

"நோட்டை நீ வை. சர்வரை ஒழுங்கா அணைச்சுட்டுக் கொண்டாந்து குடு"ன்னு ரெண்டு கையையும் நீட்டினா. "என் புஸ்தகத்தை நான்தான் வைப்பேன்."

பிளக்கைப் புடுங்கி, அஞ்சு நிமிஷம் பொறுத்து, அணைஞ்சுதான்னு பாத்துட்டு, தூக்கி அவ கையில குடுத்தேன்.